உதவி: கடலோர வீட்டு மாடிக்கு சோலார் – மூன்று மதிப்பீடுகளில் யாரிடம் கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் போடலாம் என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கினேன். முதல் ஆள் வீட்டுப் பக்கமே வரவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே விலை அனுப்பிவிட்டார், அதுதான் இருப்பதிலேயே குறைவு. இரண்டாமவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய பிராண்ட் பேனல் சார், 25 வருடம் வாரண்டி, கவலையே படாதீங்க" என்றார். மூன்றாமவர் டேப் வைத்து மாடி முழுக்க அளந்தார், நிழலைப் படமெடுத்தார். ஆனால் அவர் விலை அதிகம். அதோடு 10 பேனல் வேண்டாம், 8 போதும் என்கிறார். இதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. புயல் காலத்தில் காற்றும் பலமாக அடிக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை இரண்டும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1 (சோலார் பொருத்தும் வேலையில் இருப்பவர்):
சார், உங்கள் மாடியைப் பார்க்காமல் விலை சொன்னவரை இப்போதே விட்டுவிடலாம். தொட்டியின் உயரமோ கைப்பிடிச் சுவரின் உயரமோ செயற்கைக்கோள் படத்தில் சரியாகத் தெரியாது. கான்கிரீட்டின் நிலை சுத்தமாகத் தெரியாது.

8 பேனல் என்றவர் அநேகமாகத் தொட்டி நிழலைக் கணக்கில் எடுத்திருப்பார். சாதாரண இன்வெர்ட்டரில் (பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) பேனல்களைத் தொடராகத்தான் இணைப்போம். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் பைபாஸ் டையோடு (நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் சிறு பாகம்) வேலை செய்து, அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே விலகிக்கொள்ளும். நிழல் இன்னும் பரவினால் பேனல் முழுதும் சும்மாதான் இருக்கும். சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் அதே தொட்டியின் நிழல் இன்னும் நீளும். அதனால் எந்த இரண்டு பேனல், எந்த மாதம், எத்தனை மணி வரை நிழல் என்று படத்தோடு காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அவர் சொல்வது நியாயம். பத்தும் வேண்டும் என்றால், ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்க வைக்கும் ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டர் ஒரு வழி. ஆனால் அது பேனலுக்கு அடியில், உப்புக்காற்றிலும் சூட்டிலும் இருக்கும் இன்னொரு எலக்ட்ரானிக் பெட்டி. உங்கள் இடத்துக்கு நான் அதை முதலில் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று, 5 கிலோவாட் என்பது பேனலுக்குள் இருக்கும் சோலார் செல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது அளந்த கணக்கு. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறைகிற பேனலில் அதுவே 12 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மாதவாரியாக எத்தனை யூனிட் வரும் என்று மூவரிடமும் எழுதி வாங்குங்கள். இந்த இழப்பையெல்லாம் கழித்திருக்கிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பதில் 2 (கடலோரத்தில் குடியிருப்பவர்):
நாங்களும் கடல் பக்கம்தான். எங்கள் தெருவில் சில வீடுகளில் பேனல் நன்றாக இருக்கிறது, அதைத் தாங்கும் கம்பிதான் போய்விட்டது. உற்றுப் பார்த்தால் துரு ஆரம்பிப்பது எப்போதும் ஒரே மாதிரி இடத்தில்தான்: மாடியில் வைத்து வெட்டிய கம்பியின் முனை, வெல்டிங் வைத்த மூலை, போல்ட்டுக்காகத் துளை போட்ட இடம். கம்பி முழுதும் துத்தநாகப் பூச்சு இருந்தும், வெட்டின இடத்தில் பூச்சு இல்லை. அளவெடுத்துப் பட்டறையிலேயே வெட்டி, துளை போட்டு, அதற்கப்புறம் சூட்டுத் துத்தநாகத்தில் முக்கியெடுத்துக் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். மாடியில் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முனைக்குத் துத்தநாக பெயின்ட் அடிக்க வேண்டும்.

நட்டு போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 உப்புக்காற்றில் அவ்வளவு தாங்காது. பேனலுக்கு ஐ.இ.சி. 61701 என்ற உப்புப்படிவுச் சோதனைச் சான்று உண்டா என்றும் பாருங்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வைத்தால் வாரண்டி செல்லாது என்று சில உற்பத்தியாளர்கள் பொருத்தும் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். "25 வருடம்" என்று சொன்னவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். 25 வருடம் என்பது பெரும்பாலும் மின் உற்பத்திக்கான உத்தரவாதம். பேனல் பழுதுக்கு வேறு காலம், பொருத்திய வேலைக்கு வேறு காலம். கூரை ஒழுகினால் உங்களுக்கு வேண்டியது கடைசியில் சொன்னதுதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மூவரிடமும் இதையே கேட்டேன். முதல் ஆளிடமிருந்து பதிலே இல்லை. இரண்டாமவர் "எல்லாம் ஸ்டாண்டர்டுதான்" என்று சொன்னார், எழுதித் தர மட்டும் தயங்குகிறார். மூன்றாமவர் நிழல் அறிக்கை அனுப்பினார். பாதி வருடம் முற்பகல் வரை இரண்டு பேனல் நிழலில் இருக்கும் என்பது தெளிவாகத் தெரிகிறது. போல்ட் மட்டும் 304 என்று போட்டிருந்தார், கேட்டதும் 316 என மாற்றித் தருகிறார். இன்னும் ஒரே சந்தேகம்: காற்று. மூன்றாமவர் மாடியில் துளை போட்டு ஆங்கர் (கம்பியைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் போல்ட்) அடிக்க வேண்டும் என்கிறார். துளை போட்டால் ஒழுகாதா? பாரத்துக்குக் கான்கிரீட் கட்டை வைத்தால் போதாதா?

பதில் 1:
கட்டை வைக்கலாம், ஆனால் காற்று பேனலைக் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை, அடியில் புகுந்து தூக்கும். மாடியின் ஓரத்திலும் மூலையிலும் அந்தத் தூக்கு அதிகம். அதைச் சமாளிக்கும் அளவு கட்டை வைத்தால் அந்தப் பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். புயல் காற்று அடிக்கும் இடத்தில் நான் ஆங்கர் பக்கம்தான். ஒழுகாமல் இருக்க, ஆங்கர் அடித்த இடத்தைச் சுற்றிச் சிறு கான்கிரீட் திண்டு கட்டி நீர்க்காப்பு பூசச் சொல்லுங்கள். பேனல் பணம் முழுதும் கொடுப்பதற்கு முன் ஒரு நல்ல மழை பார்த்துவிட முடிந்தால் நல்லது. பேனலைக் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி வைப்பாரா, உங்கள் பகுதிக்கான காற்று வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டாரா என்று கேளுங்கள். கணக்குத் தாளை ஒரு கட்டடப் பொறியாளர் கையெழுத்தோடு தந்தால் சிறப்பு.

பதில் 3 (மின்பணியாளர்):
ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒயர் இணைக்கும் பிளக் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி தயாரிப்பாக இருக்க வேண்டும். வேறு வேறு கம்பெனி பிளக்குகளும் சத்தம் கேட்க மாட்டிக்கொள்ளும், பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே தொடர்பு சரியாகப் பிடிக்காமல் சூடேறி, கடைசியில் தீப்பிடிக்கக் கூடும். ஒயர் தரையில் கிடந்து மழைநீரில் ஊறக் கூடாது. ஒயரைக் கட்டும் சாதாரண பிளாஸ்டிக் டை வெயிலில் உதிர்ந்துவிடும், ஸ்டெயின்லெஸ் கிளிப் போடச் சொல்லுங்கள்.

மின்வெட்டில் விளக்கு எரியும் என்று யாராவது சொன்னால், பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், அதாவது தெரு லைனோடு சேர்ந்து ஓடுவது, மின்சாரம் போனதும் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒப்படைக்கும் நாளில் எர்த்திங் அளவு, ஒயரின் இன்சுலேஷன் அளவு, தொடராக இணைத்த ஒவ்வொரு பேனல் வரிசையின் வோல்டேஜ் மூன்றையும் உங்கள் முன்னால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேனல் சீரியல் எண்களையும் வாங்கி வையுங்கள். உற்பத்தியைப் பார்க்கும் செயலியின் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் இருக்கட்டும். பொருத்தியவர் நாளைக்குக் கடையை மூடினாலும் உங்கள் பேனலின் விவரம் உங்களிடம் இருக்க வேண்டும்.