பைதான் சி இடைமுக ஆவணத் திருத்தம்: எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி (காட்பாடி)

வணக்கம். வேலூரைச் சுற்றியுள்ள மாணவர்கள் சிலர் பைதானின் சி ஏபிஐ (சி மொழி நிரலிலிருந்து பைதானைக் கையாளும் இடைமுகம்) ஆவணங்களுக்கு வரும் திருத்தங்களை மதிப்பாய்வு செய்ய விரும்புகிறோம். பயிற்சிக்காக நாங்களே ஒரு திருத்தம் எழுதினோம்: "பைலிஸ்ட்_செட்ஐட்டம் போலவே, பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்டும் தனக்குத் தரப்படும் ரெஃபரன்ஸைத் தனதாக்கிக்கொள்ளும்." (முதலாவது பட்டியலில் ஓர் உறுப்பை வைக்கும் செயற்கூறு, இரண்டாவது மாட்யூலில் ஒரு பொருளைச் சேர்ப்பது. ரெஃபரன்ஸ் என்பது ஒரு பொருள் இன்னும் தேவை என்று காட்டும் பிடி; அதைத் தனதாக்கிக்கொண்டால் விடுவிக்கும் பொறுப்பும் செயற்கூறுக்கே.) நடையில் பிழையில்லை, ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியும் எச்சரிக்கையின்றி ஓடியது. இவ்வளவு பார்த்தால் ஒப்புதல் தரலாமா? எங்களுக்கு கமிட் உரிமை (மாற்றங்களை இணைக்கும் அனுமதி) கிடையாது.

மறுமொழி 1 (ராணிப்பேட்டை)

தம்பி, ஸ்பிங்க்ஸ் குறியீட்டமைப்பை மட்டுமே பார்க்கும். வாக்கியம் உண்மையா என்பதை மூலநிரலைத் திறந்து நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதிலும் செயற்கூறு தோற்கும் வழியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பைலிஸ்ட்_செட்ஐட்டத்துக்குத் தவறான இண்டெக்ஸ் கொடுத்தால் அது தோல்வியைக் குறிக்க -1 திருப்பும்; ஆனாலும் நாம் கொடுத்த ரெஃபரன்ஸை அதற்குள் விடுவித்திருக்கும். பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் வெற்றி பெற்றால் மட்டுமே ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்கிறது. தோற்றால் விடுவிப்பது அழைத்தவர் பொறுப்பு. உங்கள் வரியை நம்பி எழுதிய நிரலில் தோல்வியின்போது நினைவகம் கசியும். இதையே திருப்பிப் போட்டு, பட்டியலுக்கும் அழைத்தவரே விடுவிக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் ஒரே ரெஃபரன்ஸ் இருமுறை விடுவிக்கப்பட்டு இன்டர்பிரெட்டரே விழக்கூடும். கசிவு அதைவிடத் தேவலை.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 3.10 பதிப்பில் பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட்ரெஃப் வந்தது. அது ரெஃபரன்ஸை எடுத்துக்கொள்வதே இல்லை. 3.13-இல் வந்த பைமாட்யூல்_ஆட் தோற்றாலும் எடுத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், உங்கள் வாக்கியம் அதற்கு அப்படியே பொருந்தும்.

மறுமொழி 2 (ஆரணி)

மேலே ஐயா சொன்னது உள்ளே செல்லும் ரெஃபரன்ஸைப் பற்றியது. வெளியே வருவதையும் பாருங்கள். "திருப்பும் மதிப்பு: இரவல் ரெஃபரன்ஸ்" (அதாவது நமக்குச் சொந்தமில்லாத, நாம் விடுவிக்கக் கூடாத ரெஃபரன்ஸ்) என்ற வரி ஆவணப் பக்கத்தின் கோப்பில் இருக்காது, ரெஃப்கவுண்ட்ஸ்.டாட் என்ற தனிக் கோப்பிலிருந்து உருவாகிறது. ஆகவே புதிய செயற்கூறுக்கு விளக்கம் சேர்ப்பவர் அந்தக் கோப்பையும் திருத்தினாரா என்று பார்ப்பது அவசியம். பைலிஸ்ட்_கெட்ஐட்டம் இரவல் ரெஃபரன்ஸைத் தருகிறது. ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைதான் நிரலை இயக்க விடும் பூட்டு) இல்லாத பில்டில், நாம் அதைப் பயன்படுத்துவதற்குள் வேறொரு த்ரெட் பட்டியலை மாற்றிவிடலாம். 3.13-இல் சேர்ந்த பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் நமக்கே சொந்தமான ரெஃபரன்ஸைத் தரும். அதைப் பரிந்துரைக்கும் திருத்தம் நல்லதுதான், ஆனால் 3.12 ஆவணக் கிளைக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது.

கமிட் உரிமை இல்லாதவரும் மதிப்பாய்வு செய்யலாம். "நன்று" என்று மட்டும் எழுதாமல், எந்தக் கோப்பில் எந்தச் செயற்கூறைப் படித்துச் சரிபார்த்தீர்கள் என்று எழுதினால், இணைப்பவருக்குப் பாதி வேலை குறையும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. வரியை இப்படி மாற்றுகிறோம்: "வெற்றி பெற்றால் மட்டுமே ரெஃபரன்ஸைத் தனதாக்கிக்கொள்ளும், -1 திரும்பினால் அழைத்தவரே அதை விடுவிக்க வேண்டும்."

மறுமொழி 1 (ராணிப்பேட்டை)

இது சரி. பைலிஸ்ட்_செட்ஐட்டத்துடனான ஒப்பீட்டை நீக்கியதும் நல்லது. கீழே, -1 திரும்புவதைச் சோதிக்கும் சிறு நிரல் எடுத்துக்காட்டு ஒன்றையும் சேருங்கள். பலர் விளக்கத்தைப் படிக்காமல் எடுத்துக்காட்டைத்தான் நகலெடுக்கிறார்கள்.