லயன்ஸ்கேட் பிளஸ் எதற்காகப் பெயர் மாறியது?

கேள்வி:
ஸ்டார்ஸ்பிளே என்ற பெயரில் 2018 முதல் அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் நடந்துவந்த, படங்களும் தொடர்களும் பார்க்கும் இணையச் சந்தாச் சேவை, 2022 செப்டம்பரில் லயன்ஸ்கேட் பிளஸ் என்று பெயர் மாறி, சில வாரங்களிலேயே பல நாடுகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது ஏன்?

மறுமொழி:
ஸ்டார்ஸ்பிளேயை நடத்திய ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தை லயன்ஸ்கேட் படநிறுவனம் 2016 டிசம்பரில் வாங்கியது, ஐயா. பின்னாளில் அதைத் தனியே பிரிக்கத் திட்டமிட்டபோது, வெளிநாட்டுச் சேவைக்குத் தாய் நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். இலத்தீன் அமெரிக்காவில் டிஸ்னியின் ஸ்டார் பிளஸ் 2021 ஆகஸ்டில் தொடங்கியதால் பெயர்க்குழப்பமும் இருந்தது. பிரேசிலில் அது வழக்குவரை சென்றது.

விலகலுக்குக் காரணம் பணம்தான். பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் முதலியவை விலகும் நாடுகளின் பட்டியலில் இருந்தன. ஒவ்வொரு நாட்டிலும் ஒளிபரப்புரிமையை வெளியாருக்கு விற்றால் உடனே கிடைக்கும் வருவாயை விட்டுக்கொடுத்து, மொழிமாற்றத்துக்கும் விளம்பரத்துக்கும் செலவழித்துச் சந்தாதாரர்களைச் சேர்ப்பது, அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

மறுமொழி:
பிரிட்டனிலும் 2024 பிப்ரவரி இறுதியில் மூடிவிட்டார்கள். இந்தியாவில் 2020இல் செயலியாக வந்த லயன்ஸ்கேட் பிளே வேறு சேவை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இரண்டும் ஒன்றே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.