தூரிகையில் வரைந்த தமிழ் எழுத்துரு: கு சேர்ந்தால் கெ உடைகிறது. உதவி தேவை

பட்டைத்தூரிகை

வணக்கம். 6 மிமீ பட்டைத் தூரிகையில், போஸ்டர் கலரில் வரைந்த எழுத்துகளை எழுத்துருவாக்கிக்கொண்டிருக்கிறேன். தாளில் ஒவ்வோர் எழுத்தும் 4 செமீ உயரம். 600 டிபிஐயில் ஸ்கேன், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் (படத்தைக் கோட்டுருவமாக்குதல்), ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் எம் அளவு (எழுத்துக் கட்டத்தின் உயரம்) 1000 அலகு. சோதிப்பது குரோமில்.

முதல் பதிப்பில் உயிர், அகரமேறிய மெய், குறிகள் மட்டும் இருந்தன. கெ, கே, கை எல்லாம் சரி. கு, மு மட்டும் பக்கத்தில் உகரக் குறி தனியாக நின்றது. அடுத்த பதிப்பில் கு முதல் னூ வரை 36 எழுத்தையும் வரைந்து லிகேச்சராக (இரண்டு வடிவங்களுக்குப் பதில் வரும் ஒரே கூட்டு வடிவமாக) சேர்த்தேன். கு, மு சரியாகிவிட்டன. ஆனால் கொம்பு பின்னால் போய்விட்டது: "பெண்" என்று அடித்தால் முதலில் ப, அதன் பிறகு கொம்பு. அதே வரி வேறு எழுத்துருவில் ஒழுங்காகத் தெரிகிறது.

இன்னும் மூன்று சிக்கல்கள். கௌ, பௌ இரண்டு பதிப்பிலும் சரியாக வரவில்லை. புள்ளி ண் மேல் வலப்பக்கம் ஒதுங்குகிறது, ர் மேல் இடப்பக்கம் தள்ளி நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் புழு ஊர்ந்த மாதிரி நெளிகிறது.

வளைகோடு

லிகேச்சரை எந்த ஸ்கிரிப்டின் (எந்த மொழி எழுத்துக்கான விதி என்று சொல்லும் குறியீட்டின்) கீழ் வைத்தீர்கள்? எலிமெண்ட் → ஃபாண்ட் இன்ஃபோ → லுக்கப்ஸ் → ஜிசப் (வடிவங்களை மாற்றும் விதிகளின் அட்டவணை) பக்கத்தில் அந்த லுக்கப்பை (விதித் தொகுப்பை) இரண்டு முறை சொடுக்குங்கள். ஃபீச்சர் (விதி எந்த வேலைக்கு என்று சொல்லும் பெயர்) 'லிகா', ஸ்கிரிப்ட் 'டிஎஃப்எல்டி' (பொது) அல்லது 'லேட்ன்' (லத்தீன்) என்று மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கொம்பை முன்னால் நகர்த்துவது எழுத்துருவின் வேலை இல்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபீஸ் மூன்றிலும் ஹார்ஃப்பஸ் என்கிற நிரல் அதைச் செய்கிறது. எழுத்துருவில் ஜிசப் அட்டவணையே இல்லையென்றால் அது வழக்கமான இந்திய மொழி விதிப்படி கொம்பை நகர்த்திவிடும். உங்கள் முதல் பதிப்பில் கெ சரியாக வந்தது அதனால்தான். ஜிசப் இருந்து, அதில் தமிழ் ஸ்கிரிப்ட் இல்லாமல் பொது ஸ்கிரிப்டோ லத்தீனோ மட்டும் இருந்தால், "இந்த எழுத்துருவுக்குத் தமிழ் விதி வேண்டாம்போல" என்று எடுத்துக்கொண்டு பொது விதிக்குப் போய்விடும். பொது விதியில் இடமாற்றமே கிடையாது. அடித்த வரிசையில் அப்படியே நிற்கும். ஆங்கில எஃப்-ஐ லிகேச்சர் ஒன்றைச் சேர்த்தாலே போதும், தமிழ் முழுவதும் இப்படிக் குலைந்துவிடும்.

ஸ்கிரிப்ட் பெட்டியில் தமிழுக்கான 'டிஎம்எல்2', 'டிஏஎம்எல்' இரண்டையும் சேர்த்துவிட்டு மறுபடி எழுத்துருவாக்குங்கள். முதலாவது புதிய முறை, இரண்டாவது பழைய மென்பொருளுக்காக.

கௌ: ஔகாரக் குறியை ஹார்ஃப்பஸ் ஒற்றைக்கொம்பு, கொம்புக்கால் என இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்கும். யூனிகோடில் கொம்புக்காலுக்குத் தனி இடம் இருக்கிறது. பார்க்க ள மாதிரி இருந்தாலும் அது ள இல்லை. அந்தக் கட்டம் உங்களிடம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் குறியைப் பிரிக்கவே முடியாது. ள வடிவத்தை அங்கே ரெஃபரன்ஸாக (மூலத்தோடு இணைந்த நகலாக) ஒட்டினால் போதும்.

பட்டைத்தூரிகை

ஸ்கிரிப்டை மாற்றியதும் பெண், கேள்வி, கொடி எல்லாம் சரியாகிவிட்டன. கௌவும் வந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் கு, மு மறுபடி பிரிந்து நிற்கின்றன!

வளைகோடு

இரண்டாவது பூட்டு அது. தமிழ் விதிக்குள் வந்துவிட்டால் ஹார்ஃப்பஸ் 'லிகா'வை அணைத்துவிடும். உயிர்மெய் சேர்க்கையை 'பிஎஸ்டிஎஸ்' (எழுத்துக்குப் பின்வரும் குறிகளுக்கானது) ஃபீச்சருக்கு மாற்றுங்கள். 36 எழுத்தையும் மறுபடி உள்ளிட வேண்டியதில்லை. லுக்கப்பின் ஃபீச்சர் பெயரை மட்டும் மாற்றினால் போதும். டி, டீ இரண்டும் இதே லுக்கப்பில்.

க்ஷ மட்டும் 'ஏகேஎச்என்' (பிரிக்க முடியாத கூட்டெழுத்துக்கானது) ஃபீச்சரில். அதில் வேறு எதையும் போடாதீர்கள். அது கொம்பின் இடம் முடிவாவதற்கு முன்பே ஓடிவிடும். புள்ளிச் சேர்க்கையை அங்கே வைத்தால் "அம்மெய்" போன்ற சொற்களில் கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு தப்பக்கூடும்.

ஃபாண்ட்ஃபோர்ஜின் மெட்ரிக்ஸ் சாளரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எழுத்துருவைக் கணினியில் நிறுவிச் சோதித்தால் பழைய பதிப்பு நினைவில் தங்கிக் குழப்பும். ஒரு எச்டிஎம்எல் கோப்பில் எழுத்துருவை நேரடியாக அழைத்து, ஒவ்வொரு முறையும் கோப்புப் பெயரை மாற்றிப் பாருங்கள்.

மைக்கூடு

ஓரத்துக்கு வருகிறேன். 4 செமீயை 600 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய 945 பிக்சல். அது தாராளம். கோளாறு இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று தாள்: 75 ஜிஎஸ்எம் நகல் தாளில் நீர்வண்ணம் நார் வழியே கசியும், அந்த நார் முழுவதையும் டிரேஸ் நம்பிக்கையோடு பிரதியெடுக்கும். வழவழப்பான கெட்டி அட்டையில் வரைந்து, சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாகப் பிரிப்பதை இங்க்ஸ்கேப்பில் செய்யுங்கள். பிரைட்னஸ் கட்ஆஃப் 0.45 முதல் 0.5. எல்லா எழுத்துக்கும் ஒரே எண் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு எழுத்து தடித்தும் இன்னொன்று மெலிந்தும் வரும்.

இன்னொன்று கணுக்களின் (கோட்டின் வடிவத்தைத் தாங்கும் முனைகளின்) எண்ணிக்கை. ப என்ற எழுத்துக்கு 12 முதல் 20 கணுக்கள் போதும். டிரேஸ் 150 கொடுத்திருக்கும். சிம்ப்ளிஃபை கொடுத்தால் குறையும், ஆனால் தூரிகையின் கூர்மையான வெட்டும் சேர்ந்து மழுங்கும். அதனால் டிரேஸைப் பின்னணி அடுக்கில் வைத்துவிட்டு மேலே கையால் மறுபடி வரைவதையே நான் சொல்வேன். வளைவின் உச்சி, அடி, இட ஓரம், வல ஓரம் நான்கிலும் கணு. கைப்பிடிகள் (கணுவிலிருந்து வளைவை இழுக்கும் கோடுகள்) நேர்க்கிடையாகவோ நேர்க்குத்தாகவோ. ண, ஞ, ஐ போன்ற சுழி எழுத்துகளில் வித்தியாசம் உடனே தெரியும்.

தூரிகையின் சொரசொரப்பு வேண்டுமென்றால் அளவு பார்த்து வையுங்கள். 24 பிக்சல் எழுத்தில் ஒரு பிக்சல் என்பது சுமார் 42 அலகு. 3 அலகு நெளிவு அங்கே தெரியவே தெரியாது, சுவரொட்டியில் மட்டும் அழுக்காகத் தெரியும். கோடு முடியும் இடத்தில் 15, 20 அலகில் இரண்டு மூன்று பிசிறு விடுங்கள், வளைவை வழுவழுப்பாக வையுங்கள். வறண்ட தூரிகை அப்படித்தான் நடந்துகொள்ளும்: நடுவில் நிறைந்திருக்கும், கடைசியில் பிரியும்.

கடைசியாக ஃபாண்ட்ஃபோர்ஜில் ரிமூவ் ஓவர்லாப் (ஒன்றன்மேல் ஒன்று விழும் கோடுகளை ஒன்றாக்கல்), கரெக்ட் டைரக்‌ஷன், ரவுண்ட் டு இன்ட் (கணுக்களை முழு எண்ணுக்கு நகர்த்தல்) மூன்றையும் இதே வரிசையில். திசை தவறினால் ம, டு, ண சுழிகளின் உட்பகுதி நிரம்பிவிடும்.

பட்டைத்தூரிகை

புள்ளிக்கு ஆங்கர் (குறி வந்து ஒட்டும் இடம்) வைப்பதா, ஒவ்வொரு மெய்யையும் தனியாக வரைவதா?

மைக்கூடு

அச்செழுத்து பாணி என்றால் ஆங்கர்: ஏபிவிஎம் (மேலே நிற்கும் குறிகளின் இடத்துக்கானது) லுக்கப்பில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு ஆங்கர். இப்போது உங்கள் புள்ளி அகலமில்லாத குறியாக, எழுத்தின் வல ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் விழுகிறது. அகலமான ண்-க்கும் ஒடுங்கிய ர்-க்கும் அது எப்படிப் பொருந்தும்?

கையெழுத்து பாணி என்றால் தனியாக வரையுங்கள், 'எச்ஏஎல்என்' (புள்ளி வைத்த மெய்க்கானது) ஃபீச்சரில் சேர்த்துவிடுங்கள். 18 மெய், ஜ் ஷ் ஸ் ஹ் க்ஷ், தேவையென்றால் ஶ். இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. தமிழில் க்க, ட்ட, ப்ப, ம்ம என்று ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இது கையால் எழுதியது இல்லை என்று கண் கண்டுபிடித்துவிடும். ப் என்பதைப் ப-வைப் பிரதியெடுக்காமல் புதிதாக வரைந்தால் "அப்பா", "பட்டு" எல்லாம் தானாகவே மாறுபடும். காண்டெக்ஸ்ட் (பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றும்) விதி எதுவும் எழுத வேண்டாம்.

ஸ்ரீ லுக்கப்பைப் பட்டியலில் புள்ளி லுக்கப்புக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் ஸ் முதலில் சேர்ந்துவிடும், ஸ்ரீ சேராது.

247 எழுத்தும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, கிரந்தம் ஶவும் க்ஷவும் சேர்த்து 6, ஸ்ரீ, கொம்புக்கால் உட்படக் குறிகள் 9, தனிப் புள்ளி, கு வரிசை 36, டி டீ: 86 வடிவங்கள். ஜு, ஷு வகைக்குத் தனிக் குறியே போதும். இதற்கு மேல் மெய் 24. மேல்விலங்கு (இகர, ஈகாரக் குறி) எழுத்தோடு ஒட்டி ஓட வேண்டுமென்றால் கி, கீ வரிசையில் டகரம் தவிர்த்து இன்னும் 34.

பட்டைத்தூரிகை

தனியாகவே வரைகிறேன். ஒரே ஒரு கேள்வி: பழைய துதிக்கை (யானைத் துதிக்கைபோல் மேலே வளையும் ஐகாரக் குறி) வைத்த லை, னை வேண்டும். பழைய கடைப் பலகைகளில் இருக்கும் அந்த வளைவு பட்டைத் தூரிகைக்கென்றே பிறந்தது போலிருக்கிறது. எங்கே சேர்ப்பது?

வளைகோடு

'எஸ்எஸ்01' (வேண்டும்போது மட்டும் தெரிவு செய்யும் மாற்று வடிவங்களுக்கானது) ஃபீச்சரில். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறியவை 13: ணா றா னா, ணொ றொ னொ, ணோ றோ னோ, ணை லை ளை னை. ஆனால் 7 வரைந்தால் போதும். ணா பழைய வடிவம் வந்தால் ணொ, ணோ தானாக வந்துவிடும், முன்னால் கொம்பு மட்டும்தானே கூடுகிறது.

இதில் பலரும் இடறும் இடம் வரிசை. இந்த ஃபீச்சர் ஓடும்போது கொம்பு ஏற்கெனவே முன்னால் போயிருக்கும். ஆகவே (ஐகாரக் குறிதான் இணைக்கொம்பு) லை-க்கு "இணைக்கொம்பு, ல" என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொடுங்கள். "ல, இணைக்கொம்பு" என்று கொடுத்தால் எதுவும் நடக்காது. ணா-வுக்கு வழக்கம்போல "ண, துணைக்கால்".

துதிக்கை மேலே உயரும், மூ, கூ கீழே இறங்கும். ஓஎஸ்/2 மெட்ரிக்ஸ் பக்கத்தில் வின் அசெண்ட், வின் டிசெண்ட் (எழுத்தின் மேல், கீழ் எல்லைகள்) இரண்டிலும் ஆஃப்செட் குறியை எடுத்துவிட்டு, மிக உயர்ந்த எழுத்தையும் மிகத் தாழ்ந்த எழுத்தையும் அளந்து, 20 அலகு கூட்டி நேரடியாக எண் போடுங்கள். அதே பக்கத்தில் எச்ஹெட் அசெண்ட், டிசெண்ட் எண்களும் அவையே இருக்கட்டும், அங்கே டிசெண்ட் மட்டும் கழித்தல் குறியோடு. இல்லையென்றால் விண்டோஸில் துதிக்கையின் நுனி வெட்டுப்படும்.

சோதிக்க: பெண், கொள்ளை, கௌதாரி, மூஞ்சூறு, யானை, தலையணை, அப்பா, டீக்கடை, ஸ்ரீ, பக்ஷி, அஃது.