உண்ணிக் காய்ச்சல் பயிற்சிக்குப் படங்கள் தேவை

ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகப் பணிபுரிகிறேன். எங்கள் வட்டாரத்தின் கிராம சுகாதார செவிலியர்களுக்கு அடுத்த வியாழக்கிழமை உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) குறித்து நான் பயிற்சி அளிக்க வேண்டும். ஆனால் இந்நோயில் உண்ணி கடித்த இடத்தில் உண்டாகும், எஸ்கார் எனப்படும் கறுத்த பொருக்கு கருமையான தோலில் எப்படி இருக்கும் என்று காட்ட என்னிடம் ஒரு நல்ல படம்கூட இல்லை.

இதன் அவசரம் சென்ற மாதம்தான் உறைத்தது. ஏழு நாள் காய்ச்சலோடு வந்த விவசாயப் பெண் ஒருவருக்கு டெங்கு, மலேரியா இரண்டும் இல்லையென்று முடிவு வந்தபின், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டோம். வலியோ அரிப்போ இல்லாததால் அவரே அதைக் கவனிக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை 100 மி.கி. இருவேளை தொடங்கியபின் இரண்டே நாளில் காய்ச்சல் தணிந்தது. நோயை உறுதிசெய்யும் ஐ.ஜி.எம். எலைசா இரத்தப் பரிசோதனையின் முடிவு அதன் பிறகுதான் வந்தது.

பாடநூல் படங்களைப் பார்த்தேன்; பெரும்பாலும் வெளிர்நிறத் தோல். இணையத்தில் கிடைத்தவை அச்சில் வெறும் கறுப்புப் புள்ளியாகின்றன. கரும்பலகையில் வரைந்தும் பார்த்தேன், செவிலியர்கள் கொசுக்கடிப் புண் என்றே சொன்னார்கள் (என் ஓவியத் திறமைக்கும் அதில் பங்குண்டு). மாவட்டப் பயிற்சிக் கையேட்டில் எழுத்து மட்டுமே உள்ளது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி, காதின் பின்புறம் ஆகிய மறைவிடங்களின் படங்களே முக்கியமாகத் தேவை.

நோயாளியின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டு, அடையாளம் நீக்கப்பட்ட இத்தகைய படங்களோ தமிழ் விளக்கத்துடன் கூடிய பயிற்சித் தாளோ உங்களில் யாரிடமாவது உள்ளதா?