அவசரம்: சுவட்டு வாயுவா, இம்மி வளிமமா?

பாலக்கோடு ஆசிரியை:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குத் துருவக் காற்று பற்றிப் பதாகை எழுதுகிறோம். காற்றில் நூற்றுக்கு நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, ஆர்கான் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. மிச்சச் சொச்சத்தில்தான் ஓசோன் முதலானவை. இப்படிச் சொற்பமாக உள்ள வாயுவை ஆங்கிலத்தில் trace gas என்கிறார்கள்; அகராதியைப் பார்த்து ‘சுவட்டு வாயு’ என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் பையன், ‘வாயுவுக்கு ஏது டீச்சர் காலு?’ என்கிறான். நாளைக் காலை தருமபுரி பிளக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும்.

பென்னாகரம் புலவர்:
பையன் கேட்டது சரிதானம்மா. ‘இம்மி’ இருக்கச் சுவடு எதற்கு? பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் 320-ல் ஒன்று முந்திரி. அதில் 320-ல் ஒன்று கீழ்முந்திரி. அதையும் 21 கூறாக்கினால் இம்மி. 21,50,400-ல் ஒரு பங்கு! ‘வாயு’ வடசொல். ‘இம்மி வளிமம்’ என்று போடுங்கள்.

ஓசூர் நண்பர்:
ஐயா, கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு. உங்கள் கணக்கில் 900 இம்மி ஆகிறதே! சுவடும் அவ்வளவு மோசமில்லை. கனடாவின் யுரேகாவில், 80 டிகிரி வடக்கில், பிப்ரவரிக் கடைசியில் சூரியன் தலைகாட்டியதும் நிறமாலைமானியை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவியை, அதன் பக்கம் திருப்புகிறார்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கிவிடும். நிறமாலையில் அங்கங்கே பள்ளம் விழும். பள்ளத்தின் ஆழத்தை வைத்துத்தான் அளவு சொல்கிறார்கள். காலடித் தடம் வேறென்ன?

புலவர்:
அது ஒளியில் விழுந்த சுவடு, வாயுவின் பெயரல்ல. ‘இம்மியும் அசையவில்லை’ என்பவன் கணக்குப் போட்டா சொல்கிறான்?

ஆசிரியை:
சரி ஐயா. ‘வசந்த கால ஓசோன் இழப்பு’ என்று எழுதலாமா?

புலவர்:
இளவேனில்.

கிருஷ்ணகிரி தோட்டக்காரர்:
இளவேனில் என்றால் எங்களுக்கு மாங்காய் முற்றுகிற வெயில். துருவத்திலோ வான்மேல் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து மேகம் கட்டினால்தான் குளோரின் தயாராகும்; அப்புறம் வெயில் பட்டதும் ஓசோனை அரிக்கும். ஆர்க்டிக்கில் அது மாசி, பங்குனி. நம் கணக்கில் பின்பனி. அண்டார்க்டிகாவிலோ செப்டம்பர், அக்டோபர். புரட்டாசியில் ஏதுங்க இளவேனில்?

ஆசிரியை:
‘இம்மி வாயு’ என்றே கொடுத்துவிட்டேன். கடைக்காரர், ‘ரவ்வூண்டு காத்துன்னு போட்டா புரியுமே’ என்றார். பருவத்துக்குப் பெயரே வைக்கவில்லை; ‘நீண்ட இரவு முடிந்து வெயில் திரும்பும்போது’ என்று எழுதினேன். எழுத்துக்குக் காசில்லை, அடிக் கணக்குத்தானாம்.

புலவர்:
‘வாயு’வில் எனக்கு உடன்பாடில்லை. குறித்துக்கொள்ளவும்.