எலும்பில்லாத பச்சைக் கோழிக்கறி மட்டும் பூனைக்குப் போதுமா?

கேள்வி: மதுரைவாசி

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வயதுப் பெண் பூனை ஒன்றும் ஏழு மாதக் கடுவன் குட்டி ஒன்றும் இருக்கின்றன. பாக்கெட்டில் வரும் உலர் தீனியின் மேல் நம்பிக்கை குறைந்ததால், இரண்டு மாதங்களாக இரண்டுக்கும் தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, பச்சையாகவே கொடுத்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை நெத்திலியும் உண்டு. இரண்டும் தட்டை நக்கித் துடைத்துவிடுகின்றன. இதனுடன் ஈரலை எந்த அளவில் சேர்க்கலாம், மீனை வாரத்தில் எத்தனை நாள் கொடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: கடுவன் சில நாட்களாக ஜன்னல் திட்டுக்குத் தாவுவதில்லை. முன்கால்களைச் சுவரில் ஊன்றி மேலே பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் கத்துகிறது. விளையாட்டில் அடிபட்டிருக்குமோ?

பதில்: கோவைக்காரன்

சகோதரி, ஈரல் கணக்கைப் பிறகு பார்க்கலாம். கடுவனை நாளைக்கே மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வளரும் குட்டிக்கு வெறும் சதையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதைத்தான் நீங்கள் விவரித்திருக்கிறீர்கள் என்று அஞ்சுகிறேன். சதையில் பாஸ்பரஸ் நிறைய உண்டு, கால்சியம் பேருக்குத்தான். உணவில் கிடைக்காத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சாதாரணமாகக் குதித்தாலே முறியும் நிலைக்கு வந்துவிடும்.

நான் ஐந்தாண்டுகளாக இரண்டு பூனைகளுக்கு வீட்டிலேயே பச்சைக் கறியில் தயாரித்துக் கொடுக்கிறேன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு கிலோ எலும்பில்லாத தொடைக்கறிக்கு, கழுவி வறுத்து மாவாகப் பொடித்த முட்டை ஓடு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 5 கிராம் சேர்க்கிறேன். அதில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பதால் கறியிலுள்ள பாஸ்பரஸுக்கு ஈடாகிவிடுகிறது. கோழி இதயம் கிடைத்தால் விடமாட்டேன், ஏனெனில் பூனையால் போதுமான அளவில் தயாரித்துக்கொள்ள முடியாத டாரின் என்ற சத்து நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியிலும், அதைவிட இதயத்திலும் மிகுதி. அப்படியும் கிலோவுக்கு 2 கிராம் டாரின் தூளைத் தனியாகக் கலக்கிறேன். வைட்டமின் ஈ, பி வகைகள், அயோடின் ஆகியவற்றுக்கு, கால்நடை ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர் எழுதிக்கொடுத்த கலவைதான். அதை என் யூகத்தில் சொல்ல மாட்டேன். ஈரல் கிலோவுக்கு 50 கிராம் போதும். பூனைக்குக் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கத் தெரியாது, ஆகவே ஈரல் கட்டாயம்; ஆனால் ருசிக்காக நாள்தோறும் அள்ளிப் போட்டால் அதே வைட்டமின் மிகையாகிக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பச்சை நெத்திலியை நிறுத்திவிடுங்கள். நெத்திலி உட்படப் பல மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

பதில்: கால்நடை மருத்துவர்

கோவைக்காரர் கால்சியத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. பச்சையாகக் கொடுப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பச்சை உணவை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 1930களில் அமெரிக்க மருத்துவர் பாட்டெஞ்சர் செய்த சோதனை; வெந்த கறி தின்ற பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்பார்கள். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பதே 1975இல்தான் தெரியவந்தது. அதே குறையால் இதயம் வீங்கித் தளரும் என்பது 1987இல் தெளிவாயிற்று. ஆக, அந்தப் பூனைகளுக்கு நெருப்பு எதிரியா, டாரின் குறைவு எதிரியா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. வேகவைக்கும்போது டாரினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாற்றைக் கீழே கொட்டாமல் கறியோடு சேர்த்துக் கொடுத்து, தூளையும் கலந்தால் இழப்பு ஈடாகிவிடும்.

நம் கறிக்கடைகளில் ஒரே மரக்கட்டையில் காலையிலிருந்து மாலை வரை வெட்டுகிறார்கள். சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது, உறங்கத்தான் செய்யும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்ட பிறகு, பச்சைக் கோழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஒரு எச்சரிக்கை: வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால், வேகவைப்பவர்கள் எலும்பை நீக்கிவிட்டு முட்டை ஓட்டுப் பொடியையே பயன்படுத்த வேண்டும். வெங்காயமும் பூண்டும் துளியும் கூடாது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பதில்: கோவைக்காரன்

ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை. தெரிந்த கடையில் என் கண்ணெதிரே உரித்துத் தரும் கோழி என்பதால் இதுவரை துணிந்து கொடுத்தேன்; துணிச்சல் கிருமியைக் கொல்லாது என்பது உண்மைதான்.

மதுரைவாசி

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புகள் சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கித் தெரிந்தன; பின்காலில் மயிரிழை போன்ற முறிவு ஒன்றும் இருக்கிறது. கடுவனைச் சில வாரங்கள் கூண்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றும், குட்டிகளுக்கான முழுமையான தீனியை மட்டும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாளும் கறி நறுக்கியது நான்தான் என்பதால் அதன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. பெரிய பூனைக்குக் குறை எதுவும் இல்லை, ஆனால் கறிக்குப் பழகிவிட்டதால் தீனித் தட்டைக் காலால் மூடுவதுபோல் தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விடுகிறது. பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடலாமா?

பதில்: கால்நடை மருத்துவர்

விட்டுவிடக் கூடாது, அம்மா. நாய்க்குச் சொல்லும் அந்த வழி பூனைக்கு ஆகாது; இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். வெந்த தொடைக்கறியில் ஒரு தேக்கரண்டி தீனியை நொறுக்கிக் கலந்து, வெதுவெதுப்பான சாற்றை மேலே ஊற்றிக் கொடுங்கள். தின்றுவிட்டால் மறுநாள் அளவைச் சிறிது கூட்டுங்கள். முகர்ந்துவிட்டு நகர்ந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.