விளையாட்டுப் பக்கத்தில் நம் ஊர்ப் பெயரே வருவதில்லையே, ஏன்?

சிப்புட் மகன்:
அப்பாவுக்கு 74 வயது. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிய பிறகும் அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றார். இன்றும் காலையில் கோப்பிக்கடையில் தமிழ்ப் பேப்பரை வாங்கினால் விளையாட்டுச் செய்தி வரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருப்புவார். 1975-ல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் இந்தியாவிடம் அரையிறுதியில் 3-2 என்று நாம் தோற்றோமே, அந்தச் செய்தியைப் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்களாம், இதை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன வாரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதில் நம்மாளு ஒருத்தனும் இல்லையேப்பா" என்றார். எடுத்துப் பார்த்தேன். இங்கிலாந்து லீக் இரண்டு செய்தி, ஸ்பெயின் ஒன்று, ஐபிஎல் ஒன்று, மூலையில் பெர்னாமா என்ற தேசியச் செய்தி நிறுவனத்திலிருந்து எடுத்த நாலு வரி. அதே வாரம் எங்கள் திடலில் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கான காற்பந்துப் போட்டி இரண்டு நாள் நடந்தது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மற்ற ஊர்களிலும் இப்படித்தானா? ஆள் இல்லையா, இல்லை, படிப்பவர் இல்லை என்று அவர்களே விட்டுவிட்டார்களா?

முன்னாள் நிருபர்:
தம்பி, நான் 90-களில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தவன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்போது மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை வெட்டி ஒட்டி அனுப்பினால் அடிக்கோல் வைத்து அளந்து காசு கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஃபிலிம் ரோலை உறையில் போட்டு கடைசி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, கோல் போட்டவர்கள் பெயரைப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். விளம்பரம் குறைந்து செலவைச் சுருக்க வேண்டி வந்தபோது முதலில் நிறுத்தியது எங்களைப் போன்றவர்களைத்தான். அப்புறம் விளையாட்டுக்கென்று இருந்த துணையாசிரியர் சினிமாப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார். ஏஜென்சி செய்தி படத்தோடு வந்து விழுகிறது, மொழிபெயர்த்தால் அரை மணியில் பக்கம் நிறைந்துவிடும். உங்கள் திடலில் வெயிலில் நிற்க ஒரு ஆள் வேண்டும், பெட்ரோல் காசும் வேண்டும். சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த மேசையில் இருப்பவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கிள்ளான் பையன்:
பாட்டை மதிக்கிறேன் அண்ணே, ஆனால் அந்த அரை மணி வேலை யாருக்காக? இங்கிலாந்து ஆட்டம் நம் நேரப்படி இரவு 10 மணிக்கு, 12:30-க்கு, சில நாள் விடியற்காலை 3 மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே பேப்பர் அச்சுக்குப் போய்விடும். முடிவு மறுநாள் கழித்துத்தான் பேப்பரில் வரும், அதற்குள் நான் எல்லா கோலையும் போனில் பார்த்துவிடுவேன். உலகத்தில் எல்லோரிடமும் இருக்கிற செய்தியைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, வேறு யாரிடமும் இல்லாத செய்தியைக் கைவிட்டால் நான் எதற்கு வாங்க வேண்டும்?

1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது. விளையாட்டுச் செய்திக்குப் பேர்போன மலாய் மெயில் 1896-லிருந்து வந்த பத்திரிகை, 2018 கடைசியில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. நிலைமை மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சமூகத்திலிருந்து எழுந்த காற்பந்துக் குழு அது, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக் வரை போனது. 2021-ல் வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் ஆடினார்கள். 2022 பருவத்தோடு லீக்கைவிட்டு விலகினார்கள். அந்தப் பையன்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்று ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தால் நான் அன்றைக்கு இரண்டு பேப்பர் வாங்கியிருப்பேன்.

பள்ளி டீச்சர்:
நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் போட்டிச் செய்தியை நானே எழுதி, படத்தோடு புலனத்தில் (வாட்ஸ்அப்) பேப்பருக்கு அனுப்புவேன், மூன்றில் ஒன்று வரும். வருவதிலும் பரிசு கொடுத்த பிரமுகரின் பெயர் பட்டம் எல்லாம் சேர்த்து முழுசாக இருக்கும், ஓடி ஜெயித்த பிள்ளையின் பெயர் இருக்காது. ஒரு தடவை 400 மீட்டரில் முதலாவதாக வந்த ஆறாம் ஆண்டு மாணவி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், நான் எங்கே?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1966-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் இதே 400 மீட்டரில் தங்கம் வாங்கிய எம். ராஜாமணி நம் பேராக் மாநிலத்துக்காரர், அவரைப் பற்றி வகுப்பில் சொல்லித்தான் இவளை ஓட வைத்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பூப்பந்து (பேட்மிண்டன்) இரட்டையர் ஆட்டக்காரர் தீனா வெண்கலப் பதக்க ஆட்டம் வரை போனபோது எல்லாப் பக்கத்திலும் அவர் படம் வந்தது, சந்தோஷம். ஆனால் பன்னிரண்டு வயதில் யாராவது ஒருவர் பெயரைப் பேப்பரில் போட்டால்தான் அப்பா அம்மா அடுத்த ஜோடி சப்பாத்து வாங்கித் தருகிறார்கள். தோட்டத்தில் நான் கண்ணால் பார்த்தது இது.

சிப்புட் மகன்:
டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்கிறார். சரி, வரும் சனிக்கிழமை திடலில் அடுத்த சுற்று இருக்கிறது, நானே போய் எழுதி அனுப்பப் போகிறேன். அண்ணே, எப்படி எழுதினால் போடுவார்கள்?

முன்னாள் நிருபர்:
ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள், மறுநாள் அனுப்பினால் இடம் இருக்காது. முதல் வரியிலேயே யார் யாரை எத்தனை கோலில் வென்றார்கள் என்று வந்துவிட வேண்டும். கோல் போட்டவர் பெயர், எந்த நிமிடம், எந்தப் பள்ளி. பெயரின் எழுத்தை அந்தப் பையனிடமே கேட்டு எழுதுங்கள், சட்டையில் இருப்பதை நம்பாதீர்கள். "சிறப்பாக விளையாடினர்" என்று எழுதாதீர்கள், என்ன செய்தான் என்று எழுதுங்கள். படம் பரிசளிப்பில் எடுக்க வேண்டாம், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எடுங்கள். பிரமுகர் பெயர் கடைசி வரியில் வரட்டும், இடம் போதாவிட்டால் வெட்டுவது கடைசி வரியைத்தான்.